தேதி வெட்டாத பாதி

கல்லறைத் தோட்டத்து வாசலில் பேட்ஸி நீட்டிய நுழைவுச் சீட்டை ஆர்லன் டீட்ஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

"செத்தவனுக்குமா சீட்டு?" என்றார்.

பேட்ஸி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஊர் வரலாற்றுக் கழகத்துக்கும் அவள்தான் தலைவி. இரண்டு வேலைக்கும் ஒரே குரல்.

"கத்தாதீங்க ஆர்லன். கல்லுல உங்க பேர் இருக்கா, இல்லையா?"

"பேர் இருக்கு. தேதி வெட்டியிருக்கா?"

"அதுக்கு நாங்க என்ன பண்றது? மேல போய் குர்ட்ட கேளுங்க. இந்த வருஷம் அவன்தான் நீங்க."

ஆண்டுதோறும் அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் இறந்தவர்களைப் போல வேடம் கட்டிக்கொண்டு அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். வெளியூர்க் கூட்டம் கையில் சூடான ஆப்பிள் சாற்றோடு கல்லுக்குக் கல் நின்று கதை கேட்டுப் போகும். வெடித்த நீராவிப் படகின் மாலுமி, மிசிசிப்பி ஆற்றுச் சிப்பியில் பொத்தான் வெட்டிப் பணக்காரனான ஜெர்மன்காரன், மூன்று புருஷன்களைப் புதைத்த மருத்துவச்சி.

செத்து நூறு வருடம் ஆனவர்களுக்குத்தான் அந்த மரியாதை. காலையில் முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓர் ஆளுக்கு வேடம் கட்டியது இதுதான் முதல் தடவை.

செய்தி காதில் விழுந்ததும் ஆர்லன் அந்த முட்டையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்.

மேட்டில் ஏறினார். அந்த ஆற்றங்கரை ஊரில் வெள்ளம் எட்டாத ஒரே இடம் அது. செத்தால்தான் அங்கே மனை கிடைக்கும்.

மார்ச்சுக்குப் பிறகு அவர் அங்கே ஏறவில்லை.

மார்ச்சில்தான் அவர் மனைவி வெர்னாவைப் புதைத்தார்கள். அவ்வூர்த் தம்பதிகள் எல்லோரையும் போல அவர்களும் ஒரே கல்லாக முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். இடப்பக்கம் அவள் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம். வலப்பக்கம் இவர் பெயர், பிறந்த வருடம், ஒரு சின்னக் கோடு. கோட்டுக்கு அப்புறம் வழவழவென்று கிடந்த இடத்தைப் புதைத்த அன்றைக்கே பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக் கிளம்பி வாசலில் நின்றுகொண்டு அவள் கேட்பாளே, "என்ன, இன்னும் கிளம்பலையா?" என்று. அதே கேள்வி அங்கே கிடந்தது.

முழங்கால் வலி என்று ஊரில் சொல்லி வைத்திருந்தார். அந்த முழங்கால்தான் இப்போது கோபத்தில் மேடேறிக்கொண்டிருந்தது.

மேப்பிள் மரத்தைத் தாண்டியதும் அவர் தன்னையே பார்த்தார்.

அவருடைய பழுப்புக் கோட்டு. அவருடைய கூன். தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிப் பிடரியைச் சொறிகிற அவருடைய கை. கல்லின் வலப்பக்கம் நின்றுகொண்டு, முடிவெட்டும் குர்ட் அவருடைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் போன பிறகும் எல்லாம் இப்படியே நடக்கும் போலிருக்கிறது என்று நினைத்தார். அதுவும் என்னைவிட நன்றாக.

"அறுபத்தஞ்சாம் வருஷத்து வெள்ளம். வாட்டர் தெருவுல தெருவே இல்ல, தண்ணிதான். படகுல துடுப்புப் போட்டுக்கிட்டு வர்றேன். பார்த்தா, பொத்தான் ஆலைக் கூரை மேல ஒரு பொண்ணு. மடியில ஒரு கோழி!"

ஊரே ஆயிரம் முறை கேட்ட கதை. மார்ச்சிலிருந்து அவர் அதைச் சொல்வதில்லை. கேட்டால், தொண்டை சரியில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனார். அவரைப் பார்த்தும் குர்ட் நிறுத்தவில்லை.

"தண்ணி கூரை விளிம்பத் தொட்டுருச்சு. கைய நீட்டுறேன். 'குதி, நான் இருக்கேன்'ங்கிறேன். குதிச்சா. அப்படித்தாங்க வெர்னாவ நான் காப்பாத்தினேன்."

அதோடு நிறுத்திவிட்டான்.

யாரோ இருமினார்கள். பாவம், மறந்துவிட்டான் என்று ஒரு பெண் முணுமுணுத்தாள். கீழே ஆற்றில் ஒரு சரக்குப் படகு ஊதிவிட்டுப் போனது. அதன் ஒலி அடங்கிய பிறகும் குர்ட் வாயைத் திறக்கவில்லை.

கதையின் இந்த இடத்தில் ஆர்லன் எப்போதும் காப்பியை ஒரு வாய் குடிப்பார். அடுத்த வரி அவருடையது இல்லை, வெர்னாவுடையது.

"சொல்லித் தொலைடா," என்று பல்லைக் கடித்தார்.

குர்ட் அவர் பக்கம் சாய்ந்தான்.

"இதுக்கு மேல எனக்குச் சொல்லித் தரல ஆர்லன். கேன்சர் மருந்துல வெர்னாவுக்கு முடி கொட்ட ஆரம்பிச்சப்ப தலைய மழிச்சுவிட வீட்டுக்கு வந்தேனே, அன்னிக்கு உங்கள மருந்துக்கடைக்கு அனுப்பிட்டு அவங்க சொன்னாங்க. உங்களோட இந்தப் பழுப்புக் கோட்டையும் குடுத்தாங்க. 'எனக்கப்புறம் அந்த மனுஷன் மேட்டுப் பக்கமே வர மாட்டாரு. நீ அவரா போய் நில்லு. சண்டை போடவாவது வருவாரு. காப்பாத்தினேன்னு சொன்னதும் நிறுத்திடு. யார் கேட்டாலும் வாயத் திறக்காத'ன்னாங்க."

கல்லின் இடப்பக்கம் புல் மட்டும்தான் இருந்தது. அங்கே யாரையும் நிறுத்தவில்லை.

வெளியூர்க் கூட்டம் அந்தப் புல்லைப் பார்த்தது. பிறகு ஆர்லனைப் பார்த்தது.

அவர் தொப்பியைக் கழற்றினார். தன் பெயரைத் தாண்டி, அந்தச் சின்னக் கோட்டைத் தாண்டி, இடப்பக்கம் போய் நின்றார். வெர்னாவைப் போலவே கை தானாக இடுப்புக்குப் போனது.

"நான் வெர்னா," என்றார். "இந்த ஆள் சொல்றத நம்பாதீங்க. படகு எங்கப்பாவோடது. துடுப்புப் போட்டது நான். கோழியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கூரை மேல உக்காந்து அழுதது இவரு."