நீர் பிரியும் மேடு

கூஜாவிலிருந்து அவள் ஊற்றிய தண்ணீர் கொஞ்சமும் தயங்கவில்லை. நேராகக் கிழக்கே, அப்பாவின் பக்கம் இறங்கியது.

அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆற்றுக்குத் தண்ணீர் எங்கெங்கிருந்து வருகிறது என்று மலை மலையாக ஏறி வரைபடம் போடுகிறவள் அவள். மிச்சமிருந்தது இந்த மேட்டுப் புல்வெளி மட்டும். கிழக்கே பிறந்த வீடு, மேற்கே புகுந்த வீடு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்த ஊருக்கே புல்வெளி என்று இரண்டு ஊரும் ஒப்புக்கொண்டிருந்தன. கருவிக்குப் பிடிபடாத சமதளம். தண்ணீரையே கேட்க வேண்டியதாயிற்று.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. தண்ணீர் மேற்கே போனால் அப்பா வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான் என்று முந்தின நாள் கணவனிடம் சொல்லி அழுதிருந்தாள். அவன் எழுந்து வெளியே போனான்.

இப்போது தண்ணீரே சொல்லிவிட்டது. கோடு போட வேண்டியதுதான் பாக்கி.

ஆனாலும் அவள் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். மண் பொலபொலவென்றிருந்தது. யாரோ விரல் ஆழத்துக்கு வாய்க்கால் கீறி, மேலே புல்லைப் பரப்பியிருந்தார்கள்.

இந்த வயதில் அப்பாவுக்கு இந்த வேலை தேவையா? நிமிர்ந்தாள்.

“மண்வெட்டியக் குடுங்கப்பா.”

எல்லைக்கல் நடத்தான் கேட்கிறாள் என்று அவரும் பெருமையாகக் கொடுத்தார். அவள் வாய்க்காலை மூடி, ஏறி நின்று மிதித்தாள். எல்லோரும் பார்க்க மறுபடியும் ஊற்றினாள்.

தண்ணீர் சற்று யோசித்தது. பிறகு மேற்கே திரும்பியது.

“சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா.”

யாரும் நம்பவில்லை. அவளும் நம்பவில்லை. மண்வெட்டியைக்கூட வாங்காமல் அப்பா சரிவில் இறங்கினார்.

அவள் பலகையில் தாளை விரித்தாள். தண்ணீர் சொன்ன இடத்திலேயே கோட்டைப் போட்டாள்.

காற்றில் மைக்கூடு சாயப் போனது. கணவன் வந்து பிடித்துக்கொண்டான். அவன் ஊர் ஜெயித்திருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

அவன் நகக்கண்ணெல்லாம் மண்.

அவள் கோட்டை அழிக்கவில்லை. பேனாவை அவன் கையில் திணித்துவிட்டு, “அப்பா” என்று கூப்பிட்டபடி கிழக்குச் சரிவில் ஓடினாள்.