நாலு மாதப் பாடம்

விமானம் கிளம்பி மூன்று மணி நேரமாகியும் குட்டிப் பையன் தினுக்க நிலாந்தியின் மடியை விட்டு இறங்கவில்லை.

அவனுக்கு இரண்டு வயது முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. முடிந்திருந்தால் தனிச் சீட்டு எடுத்திருக்க வேண்டும். பதினொரு நாளை மிச்சம் பிடித்த புண்ணியத்தில் அவளுக்கு இரண்டு தொடையும் மரத்துப் போயிருந்தது.

முன் இருக்கையை உதைத்தான். அங்கே இருந்தவர் திரும்பி முறைத்தார். காலைப் பிடித்தால் கையால் அடித்தான். சோற்றை ஊட்டினால் துப்பினான், ஊட்டாவிட்டால் அழுதான். நேற்று முழுக்க மூட்டை கட்டியவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

பக்கத்து இருக்கையில் சோமலதா. சிலாபத்துக்காரி. பதினாறு வருடம் வெளிநாட்டில் அடுத்தவர் வீட்டில் சமைத்துவிட்டு ஒரேயடியாக ஊர் திரும்புகிறாள். வாய் ஓயாத மனுஷி.

"உன்ட பிள்ளையா, தங்கச்சி?"

காலையில் விமான நிலையத்தில் அதிகாரி இதையே கேட்டபோது நிலாந்தி 'ஓம்' என்றிருந்தாள். காகிதத்திலும் அப்படித்தான் இருந்தது. இப்போது முதல் தடவையாக மற்றப் பதிலைச் சொன்னாள்.

"இல்ல அக்கா. என்னோட வேலை செய்றவளின்ட பிள்ளை. அவளுக்கு லீவு கிடைக்கல."

தினுக்க அவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"சித்தி, தண்ணி."

நிலாந்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நாலு மாதமாக நடந்த பாடம் அது. பெற்ற பிள்ளைக்குத் தன்னைச் சித்தி என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்தாள். அம்மா என்றால் செவிடி மாதிரி இருந்தாள். சித்தி என்றால் பிஸ்கட். முதல் வாரம் அவன் அழுது களைத்துத் தூங்கினான். அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இப்போது அவன் தூக்கத்தில்கூடத் தவறுவதில்லை.

வேறு என்னதான் செய்வாள்? கட்டுநாயக்க விமான நிலையத்தில் புருஷன் விமலசிறி இரண்டு மகள்களோடு வந்து நிற்பான். மூன்றரை வருடமாக ஊர்ப்பக்கமே போகாதவள் இரண்டு வயதுப் பிள்ளையோடு இறங்கினால், கணக்குப் பார்க்க யாருக்கும் கைவிரல் போதும். பிள்ளையின் அப்பன் யார், எப்படி நடந்தது என்பதையெல்லாம் அவள் எவரிடமும் சொன்னதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

ஒரே ஒரு தடவை இவன் வாய் தவறினால் போதும். வீடும் போச்சு, மகள்களும் போச்சு.

விமலசிறி கெட்டவனாக இருந்தாலாவது மனது ஆறும். "பாவம், தாய் வரும் வரைக்கும் எங்கட வீட்டிலேயே இருக்கட்டும், கூட்டிட்டு வா" என்று போனில் சொன்னவன் அவன்.

"அடுத்தவ பிள்ளைக்கு இந்தப் பாடு படுறியே," என்றாள் சோமலதா. "நீ நல்லா இருப்ப. பெத்தவ கொடுத்துவச்சவ."

நிலாந்தி பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்தாள்.

விமானம் இறங்கத் தொடங்கியதும் பிள்ளைக்குக் காது அடைத்துவிட்டது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். பால் போத்தலைத் தள்ளிவிட்டான். சோமலதா வளையலைக் கழற்றி ஆட்டிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை.

நிலாந்தி பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். வலி வந்தால் எந்தப் பிள்ளையும் ஒரு சொல்லைத்தான் கத்தும்.

"சித்தி! சித்தி!" என்று கத்தினான் தினுக்க.

பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவளுக்கு அது பொறுக்கவில்லை. இயந்திர இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அவன் கையை விலக்கி, காதோடு வாயை வைத்தாள்.

"அம்மா எண்டு சொல்லு, ராசா. ஒரு தடவை."

அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவளை உற்றுப் பார்த்தான். பிறகு ஜன்னல் பக்கம் விரலை நீட்டினான்.

"அம்மா அங்க."

அதையும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். நீ சித்தி என்றால் அம்மா எங்கே என்று இரவும் பகலும் கேட்டு அழுதவனை அடக்க அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அம்மா ஊரில் இருக்கிறாள், பிளேனில் போய் இறங்கினால் ஓடி வந்து தூக்குவாள் என்று சொல்லி வைத்திருந்தாள்.

விமானத்தை விட்டு இறங்கியதும், குடிவரவு மேசையில் இருந்தவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, யாருடைய பிள்ளை என்று கேட்டார்.

"என்ட பிள்ளை," என்றாள். கொஞ்சம் உரக்கவே சொன்னாள். இனி அதைச் சொல்ல அவளுக்கு ஓர் இடமும் இல்லை.

காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பிள்ளையை இடுப்பில் வைத்து, மறு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கம்பித் தடுப்புக்கு அப்பால் ஒரே கூட்டம். மூத்தவள்தான் முதலில் கண்டுகொண்டாள்.

"அம்மா!"

தங்கையும் அதையே கத்தினாள். இரண்டு பேரும் ஆட்களை இடித்துக்கொண்டு ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். பின்னால் விமலசிறி சிரித்தபடி வந்தான்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் தினுக்கவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவசர அவசரமாக நிலாந்தியின் தோளைப் பிடித்து எக்கி, அவளுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினான்.