உள்ளூர்க்காரி

சுற்றுலா விசாவில் கேமரன் மலைக்கு வந்த அறந்தாங்கி பூமிநாதன், தேயிலைத் தோட்டத்து வசுமதிக்கு அங்கிருந்த கோயிலிலேயே தாலி கட்டினான். விசா இந்த வாரத்தோடு முடிகிறது. குடிநுழைவு அலுவலகத்துக்குப் போகும் பஸ்ஸில் அவனுக்கு நிலைகொள்ளவில்லை.

"திருப்பி அனுப்பிட்டா என்ன பண்றது வசு?"

"எங்க பாட்டன் காலத்துலேருந்து இந்த மலையில கொழுந்து எடுக்கறோம் லா. நான் பேசிப் பாக்கறேன். நீங்க சும்மா இருங்க."

அதிகாரி அவன் பாஸ்போர்ட்டைப் புரட்டித் தலையாட்டினார். பிறகு வசுமதியின் சிவப்பு அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, மலாய் மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார். அவனுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்ன சொல்றாரு? எனக்கு விசா கிடையாதாமா?"

அவள் நிமிரவில்லை. "உங்க பேப்பரெல்லாம் சரியா இருக்காம். பொண்டாட்டி இந்த நாட்டுக் குடிமகளா இருந்தா குடுப்பாங்களாம்."

"நீ இங்கதான பொறந்த?"

"தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தேன். அப்பா என் பொறப்பப் பதியாமலே செத்துட்டாரு. எத்தனையோ தடவ எழுதிப் போட்டும் இந்தச் செவப்பு அட்டைதான் குடுத்தாங்க, குடியுரிமை கிடைக்கல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"பொறந்த ஊர்லயே என்னை யாருன்னு கேக்கறாங்கன்னு எப்படிச் சொல்றது?"

அவனுக்குக் கோபம் வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி விடு. நீ என்கூட அறந்தாங்கிக்கு வந்துடு. பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்யணும்னு கேளு."

அவள் கேட்டாள். அதிகாரி தயங்கி, தாழ்ந்த குரலில் பதில் சொன்னார்.

"என்ன சொல்றாரு வசு?"

"எந்த நாட்டு பாஸ்போர்ட்டுன்னு கேக்கறாரு."