பச்சைக் கோட்டுக்குள் ஒருத்தி

பெருமக்களே, இந்த அடுக்ககத்தின் கார் நிறுத்தும் தளத்துக்கு இறங்கி வாருங்கள். இங்கே நடந்த அநீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள்.

ஓட்டுநர் மாசிலாமணி காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்கக் கேமராவின் திரையில் வழிகாட்டும் கோடுகள், பின்னால் ஆள் இல்லை என்று பச்சையாக ஒளிர்ந்தன. பச்சைக்குள் போகிறவர்மீது எந்தக் குற்றமும் இல்லை. பச்சையில் பிரேக் போடுகிறவருக்கே தண்டனை என்பது சட்டம். ஏற்கெனவே இரண்டு முறை போட்டிருந்தார். மூன்றாவது முறை போட்டால் உரிமம் பறிபோகும்.

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த துடைப்பச் சத்தம் திடீரென்று நின்றது. கோடுகள் பச்சையாகவே இருந்தன. பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கி ஓடினார்.

சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித் துப்புரவுப் பணியாளர் இருசாயி குந்தியிருந்தார். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, சாக்கடை வாயில் கைவிட்டுக் குப்பையை அள்ளிக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, சத்தம் குடுக்கக் கூடாதா? பச்சைன்னு காட்டுது.”

“காட்டும்ணே. நின்னா மனுசி, குந்துனா மூட்டை. உங்க கேமராவுக்கு அவ்ளோதான் தெரியும்.”

“எந்திரிச்சு நின்னு அள்ளேன்.”

“சாக்கடை எந்திரிச்சு வருமாண்ணே?”

காருக்குள் திரை அறிவித்தது: ‘காரணமற்ற நிறுத்தம். உரிமம் ரத்து.’

மாசிலாமணி கார்க் கதவை அறைந்து சாத்தினார். பிழைப்பு போனதற்காக மட்டும் அல்ல. நாளை இதே இருக்கையில் வேறொருவர் உட்காருவார். அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். அவர் பிரேக்கைத் தொடமாட்டார்.

இருசாயி மறுபடி சாக்கடைப் பக்கம் குனிந்தார்.

குந்தி உழைப்பவரை ஆளாகவே மதிக்காத கோட்டுக்கு இன்னும் எத்தனை நாள் அடங்கிக் கிடப்பீர்கள்? பச்சை எரிந்தாலும் பிரேக்கை மிதியுங்கள். எல்லோரும் மிதியுங்கள். எத்தனை பேருடைய உரிமத்தைப் பறிப்பார்கள் என்று பார்த்துவிடுவோம்.