ஊசிக்கு முன்

இளம்பரிதி எழுந்து பல் துலக்கினான். பாலைக் காய்ச்சிக் காபி போட்டுக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தெருமுனை கிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கினான். அங்கே காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்ட அவன் மனைவி பூங்கோதை செத்துப்போன மறுவாரத்திலிருந்து தினமும் இப்படித்தான். முறை வந்ததும் டாக்டருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டினான்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லாம எதுக்குப்பா தினம் வர்றே?"

"அவளுக்குப் போட்ட ஊசியையே எனக்கும் போடுங்க சார். போடறதுக்கு முன்னாடி, எந்த மருந்தாவது ஒத்துக்காதான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

டாக்டர் பேனாவை மூடினார். "வெளிய எவ்வளவு கூட்டம் பாத்தேல்ல? ஒவ்வொருத்தர்கிட்டயும் கதை கேட்டுக்கிட்டிருந்தா பொழுது சாஞ்சிரும்."

"கதை இல்ல சார். பல்வலிக்குக் குடுத்த மாத்திரையில அவளுக்கு உதடு வீங்கிச்சு. இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு இப்ப?"

"அப்ப அந்தப் பொண்ணே சொல்லியிருக்கலாமே. வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்துச்சு?"

நீட்டிய கையின் விரல்கள் முஷ்டியாக இறுகின. அந்தக் குத்தை எங்கே இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் இறக்கவும் இல்லை, கையை மடக்கவும் இல்லை.

அன்று உள்ளே தனியாகப் போய் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்த பூங்கோதை, பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைச் சொறிந்தாள். கழுத்தில் தடிப்புத் தடிப்பாக ஏறிக்கொண்டிருந்தது. மூடியிருந்த கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேலெல்லாம் அரிக்குதுங்க. மறுபடி உள்ள போய்ச் சொன்னா டாக்டர் திட்டுவாரா?"