நேற்று ஒட்டிய பிளாஸ்டர்

"நேத்து காலையிலதானே மாமா புது பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன்? அதுக்குள்ள என்ன இந்த முனகல்?"

மருமகள் இடுப்பில் கைவைத்து நின்றாள். கட்டிலில் மாமனார் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடியே சிரித்துவைத்தார்.

"முனகல் இல்லம்மா. சும்மா பாட்டு."

"நல்ல பாட்டு! பக்கத்து வீட்டம்மா வந்து யார அடிக்கிறீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க."

மாமனாருக்கு இடுப்பெலும்பில் புற்று. மாத்திரைகளுக்கு வலி மசியாமல் போகவே, டாக்டர் இந்த வலி பிளாஸ்டரை எழுதிக் கொடுத்தார். மார்பில் ஒட்டிவிட்டால் போதும், மருந்து தோல் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். அது வந்த பிறகுதான் மனிதர் வயிறாரச் சாப்பிட்டார், கண்ணாரத் தூங்கினார். யார் கண் பட்டதோ, நேற்று ஒட்டியது மட்டும் வேலைக்கே ஆகவில்லை.

"ஒழுங்கா ஒட்டியிருக்கான்னு பார்க்கறேன். போர்வைய எடுங்க."

"எல்லாம் இருக்கும்மா. குளிருது, விடு."

"இந்தப் புழுக்கத்துலயா?"

கிழவர் பிடித்த பிடியை விடுவதாக இல்லை. தலையில் அடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தால், அங்கே இன்னொரு கூத்து. புருஷன் சோபாவில் ஒரு கால் தரையில் தொங்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். வீடு மாற்றுபவர்களுக்குச் சாமான் தூக்கும் வேலை அவனுக்கு. லாரி வந்து வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, அவனை விட்டுவிட்டே போய்விட்டது.

"என்னங்க! எழுந்திரிங்க!"

"ம்..."

"காலையில தட்டுல கைய வச்சுக்கிட்டே தூங்கறீங்க. இப்ப லாரி போனதுகூடத் தெரியல. என்னதான் ஆச்சு உங்களுக்கு?"

"கண்ணு சொக்குதுடி... கொஞ்ச நேரம்..."

மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டானோ? விட்டுவிட்டேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன். குனிந்து மோந்து பார்த்தாள். வாடை இல்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வாடை வந்திருந்தால் வாயாரத் திட்டவாவது முடிந்திருக்கும்.

"அப்பனுக்குத் தூக்கமே வரல, புள்ளைக்கு முழிப்பே வரல! நடுவுல நான் ஒருத்தி மாடா உழைக்கணும்!"

"அவன எழுப்பாதம்மா," உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. "தூங்கட்டும், பாவம்."

"நீங்க குடுக்கற செல்லம்தான் மாமா எல்லாம்!"

கிளினிக்குக்குப் போன் போட்டாள். நர்ஸ்தான் எடுத்தாள்.

"சிஸ்டர், நேத்து ஒட்டின பிளாஸ்டர் மாமாவுக்குக் கேட்கவே இல்ல. இன்னொண்ணு சேர்த்து ஒட்டட்டுமா?"

"ஐயோ, வேணவே வேணாம்! டாக்டர் சொல்லாம ஒண்ணுக்கு மேல ஒட்டவே கூடாது. ரொம்பத் தூங்கிக்கிட்டே இருக்காரா? எழுப்பினா முழிக்கிறாரா? மூச்சு சீரா வருதா?"

"அவரு எங்க தூங்கறாரு? கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுக்காரருதான் காலையிலேருந்து செத்த பொணமா தூங்கறாரு."

ஆத்திரத்தில் வாய்தவறிச் சொன்னதுதான். நர்ஸ் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரரா? அவரு மூச்சு எப்படி இருக்கு, பாருங்க."

திரும்பிப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கியது. பிறகு வெகுநேரம் ஏறவே இல்லை. உதடு கறுத்துக் கிடந்தது.

"சிஸ்டர், விட்டு விட்டு வருது..."

"போன வைக்காதீங்க. அவரு சட்டையத் தூக்கிப் பாருங்க. அந்த மருந்து பழகாத உடம்புல ஏறினா மூச்சையே நிறுத்திடும்!"

அவனைப் புரட்டிச் சட்டையைத் தூக்கினாள். முதுகின் நடுவில், நேற்று அவளே பேனாவால் தேதி எழுதி மாமனார் மார்பில் ஒட்டிய அதே பிளாஸ்டர்.

உரித்து எறிந்தாள். குடியை விட்டவன் இதைப் பிடித்துக்கொண்டானா? பெற்ற அப்பன் மேலிருந்து உரித்தெடுக்க எப்படி மனம் வந்தது இவனுக்கு? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின.

"உரிச்சாச்சுன்னு விட்டுடாதீங்க," நர்ஸ் கத்தினாள். "உள்ள இறங்கினது இன்னும் வேலை செய்யும். ஆம்புலன்ஸ் அனுப்பறேன். அதுவரைக்கும் அவரத் தூங்க விடாதீங்க!"

கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். "திருட்டு மனுஷா! கண்ணத் தொறங்க! செத்துகித்துப் போனீங்க, உங்களக் கொன்னே போட்டுடுவேன்!"

அவன் இமை பாதி திறந்தது. மூச்சை இழுத்து விட்டான். தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

"அடிக்காதம்மா!"

கட்டிலைவிட்டு இறங்க முடியாத மாமனார், தரையில் கையை ஊன்றி ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு கூடத்து வாசல்வரை வந்திருந்தார். வலியில் முகம் கோணியிருந்தது.

"அவன் திருடலம்மா. நேத்து என்னைத் தூக்கி உட்கார வச்சவன், முதுகப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்க முடியாமத் துடிச்சான். சாதா பிளாஸ்டர்தான்னு சொல்லி, நான்தான் உரிச்சு ஒட்டிவிட்டேன்... எனக்கு வலி பழகினதும்மா. அவன் குழந்தை, தாங்கமாட்டான்."