வெர்னனின் டிஸ்க்

இதைச் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு வார்த்தை மாறினாலும் பழி என் மேல்தான் விழும்.

அமெரிக்காவில், டோலிடோ நகரத்தில், எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் கிளப் கூடும். தலைவர் வெர்னன். ஆலையில் என் வீட்டுக்காரர் க்ளைடுக்கு மேலதிகாரியும் அவர்தான்.

யாருடைய ஃப்ளாப்பி டிஸ்க் டிரைவ் மக்கர் பண்ணினாலும், தன் டிஸ்க் ஒன்றைப் போட்டு, அது ஓடும்வரை உள்ளே டிஸ்க்கைப் படிக்கும் ஹெட்டை நகர்த்திக் கொடுப்பார். அதற்கப்புறம் கடையில் வாங்கிய டிஸ்க் ஓடாவிட்டால் கடைக்காரனைத் திட்டுவோம்.

ஒரு சனிக்கிழமை, போலந்துக்காரப் பையன் யானுஷ் புதிதாகச் சேர்ந்தான். அவனுக்கும் அதே ஆலையில்தான் வேலை. வெர்னனின் டிஸ்க் அவன் டிரைவில் ஓடவில்லை.

"போலந்துலேருந்து கூடவே நீந்தி வந்துச்சாப்பா, இந்த டிரைவு?" என்றார் வெர்னன்.

எல்லோரும் சிரித்தோம்.

"டிரைவ் நல்லாத்தான் சார் இருக்கு. உங்க டிஸ்க்தான்..."

"இங்க எல்லார்கிட்டயும் ஓடுதே! நாங்க அத்தனை பேரும் தப்பு, நீ மட்டும் ரைட்டா?"

யானுஷ் உறை பிரிக்காத கடை டிஸ்க் ஒன்றை எடுத்துப் பிரித்தான். அவன் டிரைவில் உடனே ஓடியது. வெர்னனுடையதில் கடகடவென்று இடித்துவிட்டு நின்றது. அடுத்தவருடையதிலும் அப்படியே.

"உங்க டிஸ்க், உங்க டிரைவ் கோணலானப்புறம் எழுதினது சார். இதை வச்சு எல்லாரோடதையும் கோணலாக்கிட்டீங்க."

வெர்னன் கையிலிருந்த டோனட்டைக் கீழே வைத்தார்.

"கடை டிஸ்க்னாலே மட்டம்தான். இல்லையா, க்ளைட்?"

"ஆமா சார்," என்றார் என் வீட்டுக்காரர்.

கிளம்பும்போது வாசலில் டிரைவும் கையுமாக நின்ற என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, யானுஷ் என் டிரைவை நேராக்கிக் கொடுத்தான். கடையில் வாங்கி, ஓடாததால் குப்பை என்று ஒதுக்கிவைத்திருந்த என் தையல் டிஸ்க் வீட்டில் அழகாக ஓடியது.

திங்கட்கிழமை ஆலையில் ஆட்குறைப்பு. முதலில் போனது யானுஷ்.

"உன் டிரைவை அந்தப் பையன் தொட்டானான்னு வெர்னன் கேட்டார்," என்றார் க்ளைட், தட்டைத் தள்ளிவைத்து.

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன்."

அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாகப் போய், டிரைவை வெர்னன் முன்னால் வைத்தேன்.

"கெட்டுப்போச்சு சார். கடை டிஸ்க்கெல்லாம் ஓடுது. உங்க டிஸ்க்கைப் போட்டுச் சரிபண்ணிக் கொடுங்க."